அக்கா குளிருக்குப் போகிறாள்

ஜூன் 3

அன்புள்ள வாலுவுக்கு,

போனில் சொன்னால் நடுவில் கத்துவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். வீட்டில் உட்கார்ந்து படி. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு படிக்காதே.

எனக்கு வேறு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. அதே கணக்கு டீச்சர் வேலைதான். ரயில் போய் நிற்கும் கடைசி ஊரில் இறங்கி, அங்கிருந்து ஒரு முழுப் பகல் பஸ்ஸில் மலையேற வேண்டும். வருஷத்தில் பாதி நாள் பனி. பனி மூடினால் பஸ்ஸும் கிடையாது. வருகிற டீச்சர்கள் எல்லாரும் முதல் குளிரிலேயே மூட்டை கட்டிவிடுகிறார்களாம். தலைமையாசிரியர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்களாவது குளிர்காலம் முழுக்க இருப்பீங்களாம்மா?" இருப்பேன் என்றேன். சொன்ன கையோடு போய் இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

இங்கே ராஜினாமா கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்டில் கிளம்புகிறேன். உனக்குக் கோபம் வரும். கோபப்பட்டு முடித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை, கவனித்துக்கொள்.

நாலு தூறல் விழுந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் ஆள் நீ. நீ பனிமலைக்குப் போகிறாயா? அம்மா போனதிலிருந்து என்னை வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டு, இப்போதுதான் உனக்கு உட்கார நேரம் கிடைத்திருக்கிறது. பேசாமல் உட்காரேன்.

யார் உன்னை என்ன சொன்னார்கள்? அதை முதலில் சொல். போன மாதம் நீ இங்கே வந்து போனதிலிருந்து என் மனைவி முகமே சரியில்லை. கேட்டால், "நான் ஒண்ணும் சொல்லலையே, சாப்பிட வாங்க" என்று பேச்சை மாற்றுகிறாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் ஒளிக்காமல் எழுது.

நீ போவதென்றால் போ. ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன்.

தம்பி

ஜூன் 16

மூக்குக்கு மேல் கோபம் வரும் வாலுவுக்கு,

யாரும் என் மனம் நோக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்மேல் பழி போடாதே. ஒருத்தி தூரமாகக் கிளம்பினால் யாரோ அவளை அழவைத்திருக்க வேண்டுமா? எனக்கு ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். உன்னை வளர்த்ததை நான் பாரமாக நினைத்ததே இல்லை. அதற்குக் கூலி மாதிரி என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப் பார்க்காதே.

நேற்று ஐஸ் தொழிற்சாலைக்குப் போய், "குளிர் அறைக்குள்ள கொஞ்ச நேரம் நிக்கலாமா?" என்று கேட்டேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்றார். நீயும் அவரும் ஒரே ரகம். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் நீ விட்டுப்போன மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். பாடம் நடத்த வாய் வருமா என்று பார்க்கப் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். பாதியில் பல் தந்தியடித்தது. முடிக்காமல் வெளியே வரவில்லை. ஐஸ் பாளம் தூக்குகிறவர்கள் கை தட்டினார்கள்.

நீயும் பார்த்திருந்தால் தட்டியிருப்பாய்.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

என் வீட்டு விஷயம் எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. நேற்று வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். தையல் மெஷினில் போர்வை மாதிரி ஏதோ ஒரு துணி. உன் தம்பி மனைவி என்னைப் பார்த்ததும் அதை இழுத்துக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "யாருக்கு இது, கரடிக்கா?" என்றேன். "உங்க அக்காவுக்குக் கோட்டு. அந்த வேலை விளம்பரத்தைப் பேப்பர்ல பார்த்து அவங்ககிட்ட காட்டினதே நான்தான். திட்டுறதுன்னா இப்பவே திட்டிடுங்க, கோட்டுக்கு இன்னும் கை தைக்கணும்" என்றாள்.

திட்டினேன். அவள் பாட்டுக்கு நூல் கோத்துக்கொண்டே, "நீங்க வேலைக்குன்னு இந்த ஊருக்கு வந்தப்போ அவங்க உங்களைப் பிடிச்சு வெச்சாங்களா?" என்று கேட்டாள். இன்று லிஃப்டுக்குள் தனியாக நின்று யோசித்தேன். அன்றைக்கு என் பெட்டியைக் கட்டிக் கொடுத்ததே நீதான்.

உள்ளதைச் சொல்கிறேன். உன் உடம்பை நினைத்துக் கவலைப்பட்டது பாதிதான். எனக்கு ஒன்று என்றால் அடுத்த பஸ்ஸில் நீ வந்து நிற்பாய். இனிமேல் அது இருக்காதே என்பதுதான் மீதி.

அளவு பார்க்க அந்தக் கோட்டை எனக்கு மாட்டி நிற்கவைத்தாள். இந்தப் புழுக்கத்தில் நான் வெந்தே போனேன். உனக்குக் குளிராது, நான் உத்தரவாதம்.

ஸ்டேஷனுக்கு வருகிறோம். இரண்டு பேரும்.

உன் வாலு

நவம்பர் 12

அன்புள்ள வாலுவுக்கும் என் தையல்காரிக்கும்,

இங்கே போனுக்கு உயிர் வருவது எப்போதாவதுதான். அதனால் மறுபடி கடிதம். இன்றைக்குத்தான் கடைசி பஸ். டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள், பஸ் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேல் பனி உருகித்தான் பாதை திறக்கும். திறந்ததும் நீங்கள் வர வேண்டும். என் அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பேர் படுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது.

வழுக்கி விழாமல் நடக்கப் பழகிவிட்டேன். முதலில் எல்லாம் பெரிய வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைப் பள்ளிக்கு இழுத்துப் போவார்கள். இப்போது கையை விட்டுவிட்டுச் சண்டையே போடுகிறேன், வீட்டுக்கணக்கு ஏன் செய்யவில்லை என்று.

இன்றைக்குப் பள்ளி விட்டதும் மொத்த வகுப்பும் பின்னாலேயே வந்துவிட்டது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர்களில் ஒருத்தி என் கையைப் பார்த்தாள், பையில்லை. பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நீங்க ஏறலையா?"

அவள் குல்லாயைக் காது மூட இழுத்துவிட்டேன். "என் தம்பிகூட அவ்வளவு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். அதுக்குள்ள திரும்பிப் போனா அவன் சிரிப்பான்" என்றேன். அவள் அப்படியே ஓடிப் போய் மற்றவர்களிடம் சொன்னாள். ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் ஏறாமலே பஸ் கிளம்புவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். இதை அவர் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு நின்று பஸ்ஸுக்கு டாட்டா காட்டப் போகிறேன்.

உங்கள்,
அக்கா