மறுபடியும் கேட்ட கேள்விகள்

தென்காசி,
9-7-1962.

அன்புள்ள அத்தானுக்கு,

சுகிர்தம் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். மதராஸில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுத்தான் வழக்கமாக ஆரம்பிப்பேன். இன்றைக்கு அதற்கு மனசு வரவில்லை. நான் கோபமாக இருக்கிறேன். உங்கள் ஆராய்ச்சிக் கேள்வித்தாளில் கேட்டிருக்கிறபடி உணர்ச்சியைப் பெயர் சொல்லியே எழுதிவிட்டேன். இதற்காவது முழு மார்க் போடுவீர்கள்.

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. உங்கள் சித்தப்பா குடும்பம் அருவியில் குளிக்க வந்து ஒரு வாரம் இங்கேயே தங்கினார்கள். ஈரத் துணி காய இடமில்லாமல் உங்கள் புத்தக அலமாரிமேல் எல்லாம் விரித்துப் போட்டிருந்தேன். சின்னவனுக்குச் சளி. கஷாயம் கொடுக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கபுஷ்பத்தைப் பிள்ளைகள் இல்லத்திலிருந்து போகச் சொல்கிறார்கள். வருகிற சனிக்கிழமை கமிட்டி கூடி முடிவு செய்யப்போகிறது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை அங்கே இத்தனை வருஷமாக வளர்த்தவள் அவள். புருஷன் இறந்த பிறகு அவளுக்கு வேறு வீடும் கிடையாது. காரணம் கேட்டதற்குக் காரியதரிசி உங்கள் அறிக்கையை எடுத்துக் காட்டினாராம். தன் உணர்ச்சியையே அறியாதவள், சொன்ன பதிலில் நிற்காதவள், பிள்ளைகளின் மனசை எப்படி அறிவாள் என்று கேட்டாராம்.

அவள் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது? யார் பெயரும் வெளியே போகாது என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். பெண்களிடம் நீங்கள் போய்க் கேட்க முடியாது என்பதால்தானே என்னை அனுப்பினீர்கள்? "அவுக சொன்னா சொன்னதுதான், பயப்படாம சொல்லுட்டி" என்று தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துச் சொன்னவள் நான். கேள்வி கேட்க இல்லத்தில் இடம் கொடுத்தார்கள், மரியாதைக்கு அறிக்கையில் ஒரு பிரதி அனுப்பினேன் என்பீர்கள். ஒரு நன்றிக் கடிதம் போதாதா? பெயர்களோடுதான் அனுப்ப வேண்டுமா?

அமெரிக்காவில் எழுதிய கேள்விகளைத் தமிழில் போட்டீர்கள். அவை நம் ஊருக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கத்தானே இந்த வேலையே? தைத்த சட்டை பொருந்தாவிட்டால் தையலைத்தான் பிரிப்பார்கள். நீங்கள் ஆளைக் குறை சொல்லியிருக்கிறீர்கள். துயரம் வரும்போது அதை எவ்வாறு உணர்கிறீர் என்ற கேள்விக்கு அவள், "ஈரக்கொலையப் பிடிச்சுத் திருகுத மாதிரி இருக்கும்க்கா" என்றாள். உடம்பைச் சொல்கிறாள், மனசைச் சொல்லவில்லை என்று அதற்குப் பூஜ்யம். அத்தை இறந்த அன்று நீங்களும் என்னிடம் நெஞ்சை அடைக்கிறது என்றுதான் சொன்னீர்கள். நான் டாக்டரைக் கூப்பிட ஓடவில்லை.

அடுத்தது, பதில் மாறிய விஷயம். கொஞ்ச நாள் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்விகளை மறுபடியும் கேட்கச் சொன்னீர்கள். நம் ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் தாலுகா ஆபீஸ்காரரும்தான் ஒன்றை இரண்டு தடவை கேட்பார்கள். முதலில் சொன்னது சரியில்லை, மாற்றிச் சொல் என்று அதற்கு அர்த்தம். "எக்கா, இத முன்னயே கேட்டிய. மறுபடி கேக்கியன்னா நான் சொன்னது தப்புன்னுதான?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள். நான் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று ஒவ்வொரு பதிலாக மாற்றினாள். அச்சன்புதூர் ஹைருன் பீவியும் அப்படியே செய்தாள். இதையெல்லாம் நான் தாளின் ஓரத்தில் எழுதித்தான் அனுப்பினேன். நீங்கள் படித்தீர்கள், எனக்குத் தெரியும். அறிக்கையில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை.

சனிக்கிழமைக்குள் காரியதரிசிக்கு எழுதுங்கள். கேள்வித்தாள் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அதை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்று எழுதினால் போதும். நீங்கள் எழுதாவிட்டால் நான் போய்ச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சுகிர்தம்.


தென்காசி,
18-7-1962.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சின்னவனுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஆராய்ச்சியில் அனுதாபத்துக்கு இடமில்லை, வேண்டுமானால் அவளிடம் மூன்றாம் தடவையும் கேட்டு அனுப்பு, கமிட்டி விவகாரத்தில் தலையிடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். பிள்ளைகள் அப்பா கடிதம் என்று கேட்பார்களே என்று வைத்திருக்கிறேன்.

கமிட்டிக்குப் போனேன். உங்கள் மனைவி என்பதால் நாற்காலி போட்டார்கள். அறிக்கை தப்பு என்று சொன்னேன். காரியதரிசி எனக்குக் காபி வரவழைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, சார் எழுதுனது தப்புங்கியளா?" என்று மறுபடியும் கேட்டார். எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது ஐயா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்போல் இருந்தது. படித்த எனக்கே அப்படி இருந்தது. ஆமாம், தப்புதான் என்று திரும்பவும் சொன்னேன்.

சொல்லி என்ன பிரயோஜனம்? சார் கைப்பட எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்பிவிட்டார்கள். ஆசியா என்று ஒரு சின்னப் பிள்ளை, வாசல்வரை ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். விரலைப் பிரித்துத்தான் தூக்கிப்போனார்களாம். தங்கபுஷ்பம் இதை என்னிடம் சொல்லவில்லை. அங்கே சமைக்கிற பேராச்சி சொன்னாள்.

அவளை நான் நம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். உங்கள் அறையில்தான் படுத்துக்கொள்கிறாள். உங்களிடம் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை. அவள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. "சார் எப்பம்க்கா வருவாவ? எந்தப் பதில் சரின்னு அவுகளே சொல்லிட்டா, அதையே சொல்லிருதேன். பிள்ளையள்ட்ட போயிருவேம்லா" என்கிறாள்.

மாதக் கடைசியில் லீவில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். அவள் வந்து உங்கள் முன்னால் நின்று அதைக் கேட்பாள். அதற்கு முன்னால் காரியதரிசிக்கு அந்தக் கடிதத்தை எழுதிவிடுங்கள் அத்தான். எழுதாமல் வந்தால், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கர்த்தர் உங்களுக்குப் பெலன் தரட்டும்.

இப்படிக்கு,
சுகிர்தம்.