பால் கேனில் விழுந்த தோட்டா

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கும் 'முடியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளப் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தேன். வெர்ன் வந்து பக்கத்தில் நின்றான். செப்டம்பரில் ஹெம்லாக் கிராசிங் வேட்டை, மீன்பிடி, இயற்கைப் பாதுகாப்புக் கிளப்புக்கு எழுபத்தைந்து வயது. விழா மலருக்கு வரலாறு வேண்டுமாம். "காலேஜுக்குப் போனவ நீ ஒருத்திதான் லோர்னா. நாங்க எழுதினா மான் கதையும் மீன் கதையும்தான் வரும், அதுலயும் பாதி பொய்" என்றான். சிரித்துவிட்டேன். இந்த ஊரில் சிரித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். கிளப் குளத்தின் அணை விரிசல் விட்டிருக்கிறது. சரிசெய்யுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்று மாநில அதிகாரிகள் கெடு வைத்துவிட்டார்கள். மே மாதக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. "அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

என்னைச் சிரிக்க வைத்தது அதற்குத்தான்.

மார்ச் 5

சொன்னேன். அப்பா சூப் குடித்துக்கொண்டிருந்தார். "என்ன, கேக்கல" என்றார். மறுபடியும் சொன்னேன். "கேக்கல." மூன்றாம் முறை சொல்லவில்லை.

அப்பாவுக்குக் காது போனது துப்பாக்கிச் சத்தத்தால்தான். ஆனால் எது கேட்கும், எது கேட்காது என்பதில் பாதி அவர் இஷ்டம்.

அந்த அணையைக் கட்டியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. சுரங்கத்திலிருந்து இரவல் வாங்கிய புல்டோசரை ஓட்டியவர் அவர்தான். கூட வேலை செய்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது அவர் மட்டும். தலைவர் பதவியை வெர்னிடம் கொடுத்துப் பல வருடம் ஆகியும் ஊரே அவரை 'தலைவரே' என்றுதான் கூப்பிடுகிறது. வெர்னும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

மார்ச் 17, ஞாயிறு

நாள் முழுக்க வரலாறு. ஒன்றரைப் பக்கம்தான் தேறியது.

போரிலிருந்து திரும்பிய சுரங்கத் தொழிலாளிகளும் மரம் வெட்டிகளும் சாராயக்கடைப் பின்னறையில் கூடி ஆரம்பித்த கிளப். வெட்டி எரித்த காட்டைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஆரம்பித்திருக்கிறார்கள். அதுவரை அழகாக எழுத வருகிறது. அதற்குப் பிறகு? முதல் பத்து வருடம் ஆந்தையையும் பருந்தையும் சுட்டவர்களுக்குப் பரிசு. பாதுகாப்பு என்றால் அன்று அதுதான். ஒரு கொடும்பனிக் காலத்தில் பட்டினி கிடந்த மான்களுக்கு வண்டி வண்டியாக வைக்கோல் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மானுக்கு வைக்கோல் செரிக்காது. வயிறு நிறைய வைக்கோலோடு அவை செத்துக் கிடந்தன.

பிறகு குளம். பிள்ளைகள் பாதுகாப்பாக மீன் பிடிக்க ஓர் இடம் வேண்டும் என்று ஓடையை மறித்தார்கள். தேங்கிய தண்ணீர் வெயிலில் சூடானது. குளிர்ந்த தண்ணீர் இல்லாமல் வாழ முடியாத ஓடை டிரவுட் மீன் அணைக்குக் கீழே அற்றுப்போனது. அதற்கு ஈடாக வருடாவருடம் பண்ணை மீன் வாங்கி விடுகிறோம். பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னதில்லை.

எல்லாமே ஆசையாகச் செய்த தப்பு. இதை எப்படி எழுதுவது? திட்டவும் மனசில்லை, புகழவும் கை வரவில்லை.

ஏப்ரல் 20, சனி

மாநில மீன்துறையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். அணைக் கரையில் வைத்து, போன கோடையில் ஓடைக்குள் போட்டு வைத்திருந்த கருவிகள் காட்டிய வெப்ப அளவுகளை எங்களுக்குக் காட்டினாள். குளத்துக்கு மேலே பல் கிட்டும் குளிர். கீழே, குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

யாரும் கூப்பிடாமல் அப்பாவும் வந்து நின்றார். அணை போனால் மேலே மிச்சமிருக்கும் ஓடை டிரவுட் கீழே இறங்கி வரும் என்றாள் அந்தப் பெண். "மேல எங்க இருக்கு?" என்று அப்பா கேட்டார். ஆல்டர் புதர்களைத் தாண்டி, ஊற்று வரும் இடத்தில் என்றாள். அப்பா தலையாட்டினார்.

திரும்பும்போது வண்டியில்: "அந்தப் பொண்ணோட மெஷின் சரியில்ல."

தேவாலயத் திருப்பம் தாண்டியதும், "அந்த மீன் எவ்ளோ பெருசுன்னு சொன்னா?" என்றார்.

"உள்ளங்கை அளவுப்பா."



மே 3

ஊரே என்னிடம் கேட்கிறது, தலைவர் என்ன சொல்கிறார் என்று. நான் என்ன அவருடைய ஊதுகுழலா?

தூண்டில்கடை டுவேன் அணை இருக்க வேண்டும் என்கிறான். அவன் பிள்ளைகள் மூன்று பேரும் அந்தக் குளத்தில்தான் முதல் மீன் பிடித்தார்கள். "தலைவர் இருக்கற வரைக்கும் எவனும் அதுல கை வைக்க முடியாது" என்று புழு டப்பாவை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னான். வெர்ன் வேறு மாதிரி புலம்புகிறான். பாதிப் பேருக்கு அணையை எடுக்கச் சம்மதம்தானாம். ஆனால் அப்பா முன்னால் யாருக்கும் துணிச்சல் இல்லை.

"ரகசிய ஓட்டுதானே?" என்றேன்.

"நம்ம கிளப்போட ரகசியம்!" என்று சிரித்தான்.

அவன் சிரிப்பதில் தப்பில்லை. எங்கள் ஓட்டு முறை அப்பா தலைவராக இருந்தபோது கொண்டுவந்தது. ஆளுக்கு இரண்டு துப்பாக்கித் தோட்டா தருவோம். ஒன்று மருந்தும் ரவையும் உள்ளது, மற்றது சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டா. மருந்துள்ளது என்றால் சம்மதம், வெற்று என்றால் மறுப்பு. பழைய பால் கேன் ஒன்றின் வாயில் கம்பளிச் சட்டையின் கை கட்டியிருக்கும். அதற்குள் கையை விட்டு ஒன்றைப் போட வேண்டும். போட்டது எது என்று யார் கண்ணுக்கும் தெரியாது. முன்பெல்லாம் கேனின் அடியில் மரத்தூள் போடுவார்கள். அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போனது. இப்போது வெற்றுத் தோட்டா 'டிக்' என்று விழும், மருந்துள்ளது 'தொம்' என்று விழும். அறை முழுக்கக் கேட்கும்.

அப்பாவுக்குக் கேட்காது. சொல்லி அவர் மனதைக் கெடுப்பானேன் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். பெரும்பாலும் புது அடுப்பு வாங்கலாமா என்கிற மாதிரி ஓட்டுகள்தான். யாருக்கு என்ன?

மே 14, செவ்வாய்

அறை நிறைந்துவிட்டது. பல வருடமாகச் சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். வெர்னின் மனைவி பெக் அடுப்பறையில் பேஸ்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இறைச்சியும் கிழங்கும் மாவுக்குள் வேகும் வாசனை அறை வரை வந்தது.

அப்பா எழுந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். அதிகம் பேசவில்லை. அணை கட்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் மகன்கள், பேரன்கள் எல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "அவங்க யாரும் இன்னிக்கு ஓட்டுப் போட வர முடியாது. அவங்களுக்காக நான் கேக்கறேன். அணை இருக்கட்டும்" என்றார். உட்கார்ந்தார். டுவேன் கை தட்டினான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தட்டினார்கள்.

முடிந்தது, அணை இருக்கும் என்று நினைத்தேன். ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கே தெரியவில்லை.

தீர்மானம்: அணையை எடுப்பது. மூத்தவர் முதலில் போட வேண்டும் என்பது வழக்கம். அப்பா நடந்து போய்க் கேனுக்குள் கையை விட்டார். காலிக் கேன். அடித்தகரத்தில் முதலில் விழுவதுதான் எப்போதும் பெரிய சத்தம்.

தொம்.

பெக் கையில் தட்டோடு அடுப்பறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா கம்பளிக் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் முறைப்பாகப் பார்த்தபடி இடத்துக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு, அறைக்கே கேட்கும்படி, "என்னால முடிஞ்சது அவ்ளோதான்" என்றார்.

அடுத்துப் போனவர் கேன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய அப்பா பெயரைத்தான் என் அப்பா முதலில் சொல்லியிருந்தார். அவருடையதும் தொம். அதற்கடுத்ததும். டுவேன் போட்டது டிக். கேனை உடைப்பது போல வேகமாகப் போட்டான். நான் மருந்துள்ள தோட்டாவைத்தான் போட்டேன்.

வெர்ன் கேனை மேசையில் கவிழ்த்து எண்ணினான். தீர்மானம் நிறைவேறியது.

பாத்திரம் கழுவும்போது பெக் என் தோளோடு தோள் இடித்தாள். "கேட்டியா?"

"கேட்டேன்."

"எல்லாருக்கும் கேட்டுது. அவருக்கு மட்டும்தான் கேக்கல."

மே 15

பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். ஜுரமெல்லாம் இல்லை. அயர்ச்சி.

ஏன்ப்பா? ஏன் அப்படிப் பேசினீங்க, ஏன் இப்படிப் போட்டீங்க? கேட்க முடியாது. கேட்டால் ஓட்டு எல்லோருக்கும் கேட்டது என்றும் சொல்ல வேண்டிவரும். அந்தத் தொம் என்ற சத்தம் கேட்டதாலேயே மற்றவர்களுக்குக் கை விடுபட்டது என்றும்.

யோசித்து யோசித்து ஒன்று தோன்றுகிறது. பேசியது செத்துப்போனவர்களுக்காக. அது கடமை. போட்டது அவருக்காக. அணைக்கு முன்பு அந்த ஓடையில் மீன் பிடித்தவர்களிலும் இப்போது இருப்பது அவர் ஒருவர்தானே.

அல்லது, கேட்கும் என்று தெரிந்தேதான் போட்டாரா? அதையும் நான் கேட்கப்போவதில்லை.

மே 25, சனி

குளத்தில் கடைசி மீன்பிடி விழா. அப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் "என்னைத் தோக்கடிச்சுட்டாங்க" என்றார். எல்லோரும் "ஆமா தலைவரே" என்றார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு கோணல் இல்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டுவேன் மட்டும் பக்கத்தில் வரவில்லை. ஐஸ் பெட்டியருகே என்னைப் பிடித்துக்கொண்டான். "உங்கப்பா நல்லா நடிக்கறார். நான் அவரை நம்பித்தானே நாலு பேரோட சண்டை போட்டேன்? செப்டம்பர் விருந்துல நான் பேசப்போறேன், லோர்னா. வெர்ன்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன பேசப்போற?"

"அது எனக்கும் அவருக்கும்."

ஆகஸ்ட் 12

இன்று அணையை இடித்தார்கள். அப்பா வரவில்லை. மாலையில் "தண்ணி என்ன நிறத்துல போகுது?" என்று மட்டும் கேட்டார். சேறு என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கடைசிப் பத்தியை எழுதி அனுப்பிவிட்டேன். 'அணை கட்டியவர்களில் இன்றும் நம்மிடையே இருக்கும் ரெய்னோ லாஹ்டி, அது நிலைக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசினார். உறுப்பினர்கள் ஓட்டளித்து அதை எடுக்க முடிவு செய்தனர்.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆந்தையும் வைக்கோலும் உள்ளே இருக்கின்றன. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "வைக்கோலை எதுக்கு எழுதின?" என்றார். அணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டுவேனைப் பார்க்க இருமுறை கடைப்பக்கம் போனேன். என்ன கேட்பது? பேசாதே என்றா? அவன் கோபம் நியாயம்தானே? இருமுறையும் புழு வாங்கிக்கொண்டு திரும்பினேன். நான் மீன் பிடித்துப் பல வருடமாகிறது.

செப்டம்பர் 14, சனி

விருந்து. மான்கறி, பேஸ்டி, ஊரே கூட்டம். அப்பா அருகில் உட்கார்ந்து அவர் தட்டில் கறியை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஏதோ சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. அவரே கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

வெர்ன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் டுவேன் எழுந்தான். குடித்திருந்தான், ஆனால் நிதானம் தவறவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு அப்பாவையே பார்த்தான். அறையில் முள்கரண்டிச் சத்தம் நின்றது. எல்லோருக்கும் தெரியும் எதற்காக எழுந்திருக்கிறான் என்று. அப்பாவும் அவனைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை.

இவர் தாங்க மாட்டார்டா, விட்டுடு. மனசுக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தலைவரே" என்றான் டுவேன். குரல் கம்மியது. மறுபடியும் ஆரம்பித்தான், காது கேட்காதவரிடம் பேசுவது மாதிரி உரக்க. "நீங்களும் நானும் கடைசி வரைக்கும் நின்னோம். தோத்துட்டோம். பரவால்ல." கோப்பையைத் தூக்கினான்.

அறை முழுக்கக் கோப்பை உயர்ந்தது. அப்பா எழுந்து நின்று தன் கோப்பையை அவன் பக்கம் நீட்டினார். நீண்ட நேரம் நீட்டியபடியே நின்றார்.

பெக் அடுப்பறைக்குள் போய்விட்டாள். நானும் போனேன்.

அக்டோபர் 19, சனி

விடைத்தாள் திருத்தித் திருத்தித் தலை வலித்தது. காற்று வாங்க ஓடைப் பக்கம் வண்டியை விட்டேன். குளம் இருந்த பள்ளத்தில் புல் முளைத்துவிட்டது. நடுவே ஓடை தனக்கென்று ஒரு தடம் வெட்டிக்கொண்டு போகிறது.

அப்பாவின் வண்டி அங்கே நின்றது. மேல்பக்கம், கரையில், குப்புறப் படுத்துக் கிடந்தார். ஓடினேன். தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையுறை தண்ணில விழுந்துருச்சு. தேடறேன்" என்றார்.

இரண்டு கையுறையும் அவர் கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

நானும் பக்கத்தில் படுத்தேன். தண்ணீர் கண்ணாடி. கையை விட்டால் எலும்பு வரை குளிர்ந்தது. அடியில் கூழாங்கல்லின்மேல் உள்ளங்கை நீள மீனொன்று பக்கவாட்டில் சாய்ந்து, வாலை அடித்து அடித்து முட்டையிடக் குழி பறித்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, வயிறு சிவந்த இன்னொன்று காவல் நின்றது.

"இங்க காணோமேப்பா" என்றேன், கொஞ்ச நேரம் கழித்து.

"சத்தம் போடாத" என்றார் அப்பா. "நல்லாத் தேடு."