1022117 பகா எண்தானா?

சைதாப்பேட்டை,
9.2.2024

அன்பு ஜானுவுக்கு,

அல்லாஹ் உனக்குச் சுகம் தரட்டும். ரிப்போர்ட்டைப் பிரிக்கத் தைரியமில்லைன்னு என்னை அனுப்பினியே, வாங்கிட்டேன். வயித்துல இருக்கிறது சாதாரணக் கட்டிதானாம். வலிக்கு மாத்திரை போதும்னு டாக்டர் சொன்னார்.

அடுத்தது உன் பைத்தியக்காரத்தனம். என்கூட முப்பது வருஷம் ஒரே ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்தவ, ஆஸ்பத்திரி ஃபைல் நம்பர் 1022117 பகா எண்ணா இருந்தா பிழைச்சுப்பேன்னு வேண்டிக்கலாமா? பசங்க கேட்டா சிரிப்பாங்க! போகட்டும். வழக்கம்போல ஆளுக்குப் பாதி. ஐந்நூறு வரைக்கும் உள்ள பகா எண்களால நீ வகுத்துப் பார்த்தே, எதாலயும் வகுபடலை. அதுக்கு மேலே, வர்க்கமூலம் வரைக்கும், எழுபத்துநாலு எண் என் பங்கு. முடிச்சிட்டேன். எல்லாத்துக்கும் மீதி வருது. பகா எண்தான்.

ஒழுங்கா சாப்பிடு.

உன்,
உம்மே ஹானி


மயிலாப்பூர்,
3.6.2024

ஹானிக்கு ஜானு எழுதறது.

நாலு மாசமா மாத்திரை முழுங்கிண்டுதான் இருக்கேன். புடவை இடுப்புல நிக்கமாட்டேங்கறது. கபாலி கோயில் வரைக்கும்கூட நடக்க முடியலை. படுத்துண்டே என்ன பண்றது? உன் பங்கையும் போட்டுப் பார்த்தேன். சந்தேகப்பட்டு இல்லடி, பொழுது போகலை.

503, 509, 521 என்று எழுபத்துமூணு எண்ணுக்கும் மீதி வந்தது. கடைசி எண் 1009. மீதி பூஜ்யம், ஈவு 1013. மூணு தடவை போட்டேன்.

நீ வகுத்தல்ல தப்பு பண்றவ இல்லை. பாதியில விடறவளும் இல்லை. தெரிஞ்சே மறைச்சிருக்கே. அதே லெட்டர்லதானே ரிப்போர்ட் பத்தியும் எழுதினே? அது நிஜமா? சொல்லிடு. எனக்குப் பயமா இருக்கு.

ஜானு


சைதாப்பேட்டை,
6.6.2024

ஜானு,

ரிப்போர்ட் வாங்கினப்போ ஒரே ஒரு எண்தான் பாக்கி இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து அதையும் போட்டேன். இதாவது உன் பக்கம் நிக்கட்டும்னு நினைச்சேன். அதுவும் வகுபட்டுடுச்சு. பாழாப்போன கணக்கு!

புற்றுநோய், ஜானு. கல்லீரல் வரைக்கும் பரவிடுச்சு, சிகிச்சை செஞ்சாலும் கஷ்டம்தான் மிஞ்சும், ஆறு மாசம்னு டாக்டர் சொன்னார். உனக்கு அதை எழுத எனக்குக் கை வரலை. இருக்கிற வரைக்கும் சிரிச்சிக்கிட்டு இருக்கட்டுமேன்னு ரெண்டுலயும் பொய் சொன்னேன். மன்னிச்சிடு. அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?

ஹானி


மயிலாப்பூர்,
10.6.2024

ஹானி,

ஆறு மாசத்துல நாலு போயிடுத்து. டெல்லியிலேர்ந்து தம்பி லீவு போட்டுண்டு வரேன்னான், தீபாவளிக்கு வந்தாப் போறும்னு சொல்லிட்டேன். தீபாவளிக்கு நான் எங்கேடி இருப்பேன்? அந்த நாள் எல்லாம் என்னோடது. என்னைக் கேக்காம எப்படி எடுத்துண்டே?

கோபம் ஆறினப்புறம் வான்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இது ஆற வருஷக்கணக்காகும். அவ்வளவு நாள் எனக்கு இல்லை. சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, இது கிடைச்ச அன்னிக்கே வா. பேசமாட்டேன். பக்கத்துல உட்கார்ந்திரு.

ஜானு