வாளியில் வைத்த மீன்

ரொறன்ரோ,
12.11.2024

அன்பின் அண்ணாவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாங்கள் சுகம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி? இந்தக் காற்றிலும் கடலுக்குப் போகிறீர்களா? மகள் அட்சயா நீச்சல் பழகுகிறாள். எனக்குத்தான் இப்போது தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

என் வேலையைப் பற்றி எழுதியிருந்தேனே. மீன் குறைந்துபோனதால் ஒவ்வொரு படகுக்கும் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று கோட்டா வைத்திருக்கிறார்கள். படகில் கமரா இருக்கும். அந்தப் படங்களைக் கந்தோரில் கணினிக்கு முன் இருந்து பார்த்து, மீனை எண்ணி எழுதுவது நான். மீன் பெருகட்டும் என்று மனதாரத்தான் செய்தேன்.

ஒரு படகில் நரைத்த தாடிக்காரர் ஒருவர். நிறுக்கும் முன் நாலைந்து மீனை வாளியில் தனியே வைப்பார். கமராவுக்கு நேரேதான் வைப்பார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. விலை கூறும் முன் நீங்களும் வீட்டுக் கறிக்கு எடுப்பீர்களே, அதை யார் பிழை என்றார்கள்? எட்டு மாதம் அந்த மீனைக் கணக்கில் எழுதாமலே விட்டேன். முதல் நாளே எழுதியிருந்தால் ஓர் எச்சரிக்கையோடு போயிருக்கும்.

போன மாதம் மேலிடத்தார் பழைய படங்களைத் திரும்பப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். களவு என்று சொல்லி அடுத்த வருடக் கோட்டாவையும் பறித்தார்கள். படகு கரையில் கட்டிக் கிடக்கிறது. கூடப் போன இரண்டு பேருக்கும் வேலையில்லை. இத்தனை நாளும் யாரும் ஒன்றும் சொல்லாததால் பரவாயில்லை என்று நினைத்தேன் என அந்தத் தாடிக்காரர் விசாரணையில் சொன்னாராம். என்னையும் கேட்டார்கள். நான் கவனிக்கவில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டேன்.

அண்ணா, அந்த முகம் என்னை விடுவதாயில்லை. பஸ்ஸில் ஏறினால் யன்னல் கண்ணாடியில் நிற்கிறார். குசினியில் மீன் கழுவினால் பக்கத்தில் நிற்கிறார். ஒன்றும் கேட்பதில்லை, அதுதான் பயமாயிருக்கிறது. கீதனிடம் சொன்னேன். உமக்கென்ன விசரே, பிக்கரிங்கில வீடு வாங்கி ஆறு மாசமும் ஆகேல்லை, பேசாமல் இரும் என்று சத்தம் போட்டார். புருஷன் சொன்னதிலும் பிழையில்லை.

ஆனாலும் நாளைக் காலை கந்தோருக்குப் போய், நான் பார்த்தேன், பார்த்துத்தான் விட்டேன் என்று சொல்லப்போகிறேன். வேலை போய்விடும். கீதனுக்கு இன்னும் தெரியாது. அந்த மனிதருக்குக் கோட்டா திரும்பக் கிடைக்குமோ, அதுவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் அவருக்கு ஓர் அர்ச்சனை செய்யுங்கள். ஐயர் பெயர் கேட்பார். எங்களுக்குப் படகின் இலக்கம் மட்டும்தான் தருவார்கள், பெயர் தெரியாது. என் பெயரையே சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
நிலாணி