டேனி 14

செவிலிமேடு,
8.11.2005

அன்புள்ள தம்பி டேனியலுக்கு,

அக்கா பிரவீனா எழுதுவது. அம்மா நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

மூன்று நாளாக நீ கூப்பிடவில்லை, உன் செல்லும் அணைந்தே கிடக்கிறது. நீ தங்கியிருக்கும் சூரத் லாட்ஜின் போன் மேனேஜர் மேஜையில் இருக்கிறது, அதில் பேசினால் அவரும் கேட்பார். மெயில் போடலாமென்றால், உன் மெயிலை இப்போது யார் யார் திறக்கிறார்களோ தெரியாது. அதனால்தான் இந்த ஸ்பீடு போஸ்ட். படித்ததும் கிழித்துவிடு.

நேற்று நான் வேலை செய்யும் பிரவுசிங் சென்டருக்கு ஐயம்பேட்டை வீரபாகு அண்ணன் வந்தார். டிசைனைப் பார்த்துத் தறிக்கு ஜக்கார்டு அட்டை குத்துகிறவர், உனக்கும் தெரிந்தவர்தான். கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு டிசைன் தாளை நீட்டி, "கட்டமே தெரிய மாட்டேங்குதும்மா, பெருசா ஜெராக்ஸ் போட்டுக் குடு" என்றார். பார்த்தேன். நீ தீபாவளிக்கு முன்பு ராப்பகலாக உட்கார்ந்து போட்ட புடவை பார்டர். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஃபைலின் பெயர் விழுந்திருக்கிறது: டேனி 14.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "நம்ம பஞ்சாட்சரம் சார் சூரத்துலருந்து கொண்டாந்தாரும்மா. யாருக்கும் காட்டாதன்னாரு. நீ பார்த்தா இன்னா, நீ இன்னா தறியா போட்டுக்கினு கீற" என்று சிரித்தார். நான் தாளை மெஷினில் வைத்தேன்.

பஞ்சாட்சரம் எந்தக் கடைக்குக் கொள்முதல் செய்கிறார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை முகூர்த்தத்துக்கு உங்கள் கடை வைத்திருக்கும் பார்டர், அதற்கு முன்பே எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் தொங்கப் போகிறது. அட்டை குத்தித் தறியில் ஏற்றிப் புடவை இறங்க ஒரு மாதம் ஆகலாம். அதன்பிறகு உன் முதலாளி தணிகாசலம் யாரைத் தேடுவார்?

ஜரிகை வாங்கப் போகிற காஞ்சிபுரத்துக்காரர்கள் எல்லோரும் அந்த ஒரே லாட்ஜில்தான் தங்குகிறார்கள், நம்ம ஊர் ஆட்கள், அதனால் பயமில்லை, சாப்பிடப் போகும்போது லேப்டாப்பை மேனேஜர் அறையிலேயே வைத்துவிடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். சூரத்துத் திருடனுக்கு அது வெறும் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தவன் நம்ம ஊர்க்காரன்தானே? பாஸ்வேர்டு அம்மா பெயர். தினமும் அந்த மேஜை போனில் நின்று "கங்கையம்மா சாப்பிட்டாங்களா" என்று அம்மாவைச் செல்லமாகப் பெயர் சொல்லி, வரவேற்பறைக்கே கேட்கும்படி விசாரித்தாய். மெயிலுக்கும் அதே பெயர். எங்கள் சென்டரில் தினம் நாலு பேராவது மெயிலை மூடாமல் எழுந்து போகிறார்கள், ஓடிப்போய் மூடிவிடுவது நான். உனக்கு மட்டும் சொல்லித்தர மறந்துவிட்டேன்.

போன வருடம் முதலாளியின் மச்சான் மகன் ஒரு பெட்டி நிறைய டிசைன் சீடியை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்தான். பாவம், அசதியில் மறந்துட்டான் என்றார்கள். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். உனக்கு அசதி வராது, தம்பி. காலனிக்காரனை நம்பி லேப்டாப் கொடுத்தால் வேறென்ன நடக்கும் என்பார்கள். அவர்கள் கை தவறினால் அது மறதி, நம் கை தவறினால் திருட்டு, போலீஸ் ஸ்டேஷன். கம்ப்யூட்டர் படித்து அந்தக் கடைக்குள் போன முதல் ஆள் நீ. உனக்குப் பின்னால் விண்ணப்பம் போட்டிருக்கும் நம் தெருப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துவார்கள்.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். எப்படி எழுதுவதென்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ரயிலில் பஞ்சாட்சரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததையும், எங்க கடைக்கு வா, டிசைன் பிரிவையே உன்கிட்ட விட்டுடறேன் என்று சொன்னதையும் போனில் சந்தோஷமாகச் சொன்னாய். அதற்குப் பிறகு அவர் பெயரையே நீ எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் செல்லும் அணைந்தது. நான் எதையும் கேட்கவில்லை.

வீரபாகு அண்ணனுக்கு ஜெராக்ஸ் போடும்போது எனக்கும் ஒரு தாள் எடுத்துக்கொண்டேன். யாருக்கும் காட்டவில்லை. நீ மேனேஜர் அறையில் வைத்து ஏமாந்திருந்தால், தணிகாசலத்திடம் நீயே இன்றைக்கே போன் செய்து ஒளிக்காமல் சொல். அவர் வெளியிலிருந்து கேள்விப்படும் முன்பு உன் வாயால் கேட்கட்டும். நான் இந்தத் தாளோடு அவர் முன்னால் போய் நிற்கிறேன், கத்தினாலும் நிற்கிறேன். அப்படியில்லை என்றால் அவரிடம் எதுவும் பேசாதே. பஞ்சாட்சரத்திடமும் பேசாதே. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறு. சென்ட்ரலுக்கு நான் வந்து நிற்பேன்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தம்பிக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னேன். எதுக்கு என்று கேட்கவில்லை, முழங்காலிட்டுவிட்டார்கள்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்.

உன் அக்கா,
பிரவீனா