திரை சொன்ன பொய்

அக்டோபர் 6, ஞாயிறு

ஜோர்டான் தலைநகர் அம்மானில் எங்கள் கணினி விளையாட்டு நிறுவனத்தை மூடி ஏழு மாதம். இப்போது மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். விளையாட்டில் ஒரு நொடியை அறுபதாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு கடலை வரைந்து முடிக்க வேண்டும். இங்கே யாரோ எப்போதோ எழுதிய விதிமேல் விதி. ஏன் என்று சொல்ல ஆளில்லை. அலுப்பாக இருக்கிறது.

அக்டோபர் 9

சர்க்கரை வார்டு நர்ஸ் இதாஃப் போனில் கிண்டலடித்தாள். "மருந்து கொடுத்தாச்சுன்னு பட்டனைத் தட்டிட்டு, பச்சை வர்றதுக்குள்ள ஒரு டீயே குடிச்சிடலாம், இஞ்சினியரம்மா!"

எனக்கு ரோஷம். பழைய வித்தையைப் போட்டேன்: மையக் கணினியின் பதிலுக்குக் காத்திராமல் திரையில் உடனே 'பதிவாகிவிட்டது' என்று பச்சை. விளையாட்டில் அனுமானம் தப்பினால் வீரனை ஓரடி பின்னுக்கு இழுத்துவிடலாம். ஆடுபவனுக்குத் தெரியவும் தெரியாது.

அக்டோபர் 14

வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இதாஃப் கனாஃபே இனிப்பு கொடுத்தனுப்பினாள்.

அக்டோபர் 22

பகலில் வார்டில் இணையம் அறுந்திருக்கிறது. இதாஃப் இன்சுலின் போட்டாள், தட்டினாள், பச்சை வந்தது. பதிவு மையக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த நர்ஸ் தன் திரையில் காலியான கட்டத்தைப் பார்த்து மறுபடி போட்டிருக்கிறாள்.

அபூ நாயிஃப். எழுபத்தொரு வயது. சர்க்கரை இறங்கி மயங்கியவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

இரத்தத்தில் போனதை எப்படிப் பின்னுக்கு இழுப்பது? ஐயோ, என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்—

அக்டோபர் 23

இதாஃபை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "நான் தட்டினேன், பச்சை வந்துச்சு" என்று அழுதாளாம். எங்கள் மேலாளர் முஹன்னத் கதவைச் சாத்தினார்.

"நர்ஸ் பதியலன்னு அறிக்கை எழுதிடு, விஸால்."

"அவங்க பதிஞ்சாங்க சார். அவங்க கையில இருந்த கருவியிலேயே இருக்கு."

"அதை யாரு பார்க்கப் போறா? உன் வீட்டை நினைச்சுப் பாரு, தங்கச்சி."

நினைத்துப் பார்த்தேன். நாள் முழுக்க.

அக்டோபர் 24

நடந்ததை அப்படியே எழுதி மருத்துவமனைக்கு அனுப்பினேன், கருவியின் பதிவோடு. மதியத்துக்குள் எங்கள் அலுவலகத்தில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பர் 17

இன்று வார்டுக்குப் போனேன். கதவருகிலேயே நின்றேன். அபூ நாயிஃப் கண் திறந்திருக்கிறார், மகனையே அடையாளம் தெரியவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்ட இதாஃப் அவருக்குப் பருப்புச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். இன்னும் நாலு கரண்டி ஊட்டிவிட்டு, "அஞ்சாம் படுக்கை கூப்பிடுது. இதைப் பிடிங்க. மெதுவா, அவரு விழுங்கின அப்புறம்தான் அடுத்தது" என்று கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு கரண்டி கொடுத்தேன். அவர் தொண்டை அசையும்வரை காத்திருந்தேன்.