மாடி ஸ்டேஷன்

ஜூன் 9, திங்கள்

கடை திறந்த கையோடு பல் டாக்டர் வந்தார். வாஷ்பேசினுக்குக் குழாய் வேண்டும் என்று வந்தவர் குழாய் இருந்த பக்கமே திரும்பவில்லை. "உங்க வீட்டு மாடியில ஒரு ஸ்டேஷன் இருக்காமே, பாக்கலாமா?" என்றார். மகள் பல் காட்டப் போன இடத்தில் போனில் படம் காட்டியிருக்கிறாள். சின்ன ரயில் கட்டுகிறவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் இருக்கிறதாம், இவர்தான் செயலாளராம். அடுத்த மாதம் நகர மண்டபத்தில் கண்காட்சி, ஒரு இடம் காலி.

கல்லாவைப் பூட்டிவிட்டு அழைத்துப் போனேன். வழி முழுக்க எனக்குள் ஒரு உதைப்பு. என் மனைவி வருஷக்கணக்காக மாடியில் என்னவோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கடையில் உப்புத்தாளும் பசையும் குறையும்போதெல்லாம் மேலேதான் போயிருக்கும் என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார். மண்டி போட்டுப் பார்த்தார். எனக்குப் பொழுது போகவில்லை, நானும் குனிந்தேன்.

இருபத்தைந்து வருஷமாகக் குழாய் விற்கிறேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் நிற்கும் குட்டி வீடுகளின் சுவர்களில் மழைநீர்க் குழாய் இறங்குகிறது, தீர்ந்துபோன பேனா ரீஃபிலில் செய்தது. ஒவ்வொன்றிலும் இணைப்புக்குக் கீழே சுவரில் ஒரு பச்சைக் கறை. எல்லா இணைப்பிலும் இல்லை, எது ஒழுகுமோ அதில் மட்டும். கீழ்முழங்கையில், குழாய் தரைப் பக்கம் திரும்பும் வளைவில். அவசரத்தில் மாட்டியிருந்தால் அங்கேதான் ஒழுகும். இதை இவளுக்கு யார் சொன்னது?

தண்டவாளத்துக்கு நடுவில் கிடக்கும் ஜல்லி, டைல்ஸ் இடுக்கில் பூசும் பூச்சைக் காயவைத்து இடித்து டீ வடிகட்டியில் சலித்ததாம். வடிகட்டி காணாமல் போன கதையும் இன்றைக்குத்தான் வெளியே வந்தது.

கடைசியில் ஓட்டிக் காட்டினாள். இன்ஜின் கிளம்பிய நொடியை நான் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தது, பிறகு போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு மெதுவாக. கூட்ஸ் ஷெட் பக்கம் ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டு, வளைந்த ஊசி ஒன்றால் கொக்கியைக் கழற்றினாள். பெட்டி அசையவில்லை.

டாக்டர் போன பிறகு கேட்டேன், ஸ்டேஷன் வாசலில் இத்தனை கடை கட்டியிருக்கிறாயே, நம் கடை எங்கே?

"ஊர்ல ஒரு இடத்துலயாவது அது இல்லாம இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஜூன் 10, செவ்வாய்

கண்காட்சிக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால் சமையல் பக்கம் ஒதுங்கி நிற்கிறவள். ஏன் சரி என்றாய் என்று கேட்டேன். "நம்ம சொந்தக்காரங்க எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்றாங்க. தப்பு கண்டுபிடிக்கிற கண்ணு ஒண்ணாவது பாக்கணும்ங்க."

நேற்று நானும் நல்லாருக்கு என்றுதான் சொன்னேன்.

ஜூன் 14, சனி

சிக்கல். மண்டபத்தின் வரைபடத்தை டாக்டர் அனுப்பியிருந்தார். மேசைக்கு முன்னால் ஒரு கயிறு, அதற்கு அப்பால் ஜனங்கள். ஓட்டுகிறவர் மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் நிற்பார்களாம், அதை மனதில் வைத்துத்தான் கட்டுவார்களாம்.

இவள் தான் உட்காரும் முக்காலியிலிருந்து என்ன தெரியுமோ அதைக் கட்டியிருக்கிறாள். பின்னால் வெறும் பலகையும் ஒயரும். பின்பக்கம் நின்றால் வீடுகள் மறைத்துவிடும், ரயிலே தெரியாது. கொக்கி கழற்றக் கையும் எட்டாது. திருப்பிப் போட்டால் ஜனங்களுக்கு ஒயர் கண்காட்சி.

முகப்பு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கடை கட்டுவோமா? என் வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

"வரலைன்னு சொல்லிடுங்க" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

நான் ஓட்டுகிறேன் என்றேன். மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, பின்னால் ஸ்டூல் மேல் ஏறி, வீட்டுக் கூரைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. என்ன பிரமாதம், ஒரு குமிழைத் திருப்புவதுதானே?

இரண்டு பெட்டிகள் கவிழ்ந்தன. பிளாட்பாரத்தில் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பொம்மை ஆள் எழுந்து பறந்து போனார், இன்னும் அகப்படவில்லை. இவள் கோபப்படவே இல்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "பில் போடற கைங்க அது. பட்டுனு போடுது, பட்டுனு கிழிக்குது."

கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு அவளே ஓட்டினாள். அந்தக் கை கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்கிறது. இத்தனை வருஷம் அந்தக் கை என் தட்டில் சோறு போட்டிருக்கிறது. நான் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டி முடித்ததும் முகம் மறுபடி சுருங்கிவிட்டது. ஆசை இருக்கிறது. போவதற்கு வழிதான் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கடையில் உட்கார்ந்து யோசித்தபோது தோன்றியது. மேசை சுவர் ஓரமாகவே இருக்கட்டும். முக்காலி வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும். கயிற்றை அவள் முதுகுக்குப் பின்னால் கட்டினால் என்ன? ஜனங்கள் அவள் தோளுக்கு மேலாகப் பார்க்கட்டும். அவள் எதைப் பார்க்கிறாளோ அதையே பார்ப்பார்கள்.

மத்தியானம் சொன்னேன். குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவங்க மூஞ்சிய நான் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"கேள்வி கேட்டா?"

"ரயில் ஓட்டறவங்களோட பேசக்கூடாதுன்னு ஒரு போர்டு எழுதி வெச்சிடலாம்."

சிரித்தாள். அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

டாக்டர்தான் மசியவில்லை. சங்கத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லையாம், பார்க்க வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டுவது மரியாதையில்லையாம். பல் பிடுங்கும்போது நீங்கள் கூடத்தான் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறீர்கள், வெளியே காத்திருக்கிறவர்கள் கோபித்துக்கொள்கிறார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். மூலையில் இருக்கும் மேசையைத் தருகிறேன் என்றார். மூலை வேண்டாம், கதவுக்கு எதிரே வேண்டும் என்று ஆரம்பித்து மூலையில் முடித்தேன். எனக்கு வேண்டியிருந்தது மூலைதான்.

ஜூலை 12, சனி

முதல் நாள். பெரிய மண்டபம், பெரிய சத்தம். பக்கத்து மேசைக்காரர் ஒரு மலையையே கட்டியிருந்தார், குகைக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் ஊதல். அங்கே எப்போதும் கூட்டம். வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள்.

எங்கள் மூலைக்கு முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒரு கணவன் மனைவி வந்து இவள் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். போகவில்லை. இவள் பெட்டியின் கொக்கியைக் கழற்றக் குனிந்தபோது அவர்களும் குனிந்தார்கள். அவர்களைப் பார்த்து வேறு சிலர். மண்டபத்தில் எங்கள் மூலையில் மட்டும் சத்தம் குறைந்தது. பெட்டி ஷெட்டுக்குள் போய் நின்றதும் பின்னாலிருந்து மொத்தமாக ஒரு மூச்சு வந்தது.

விற்கத் தெரிந்தவன் நான். கூட்டத்தைப் பேசிப் பேசித்தான் நிறுத்தத் தெரியும். பேசாமல் நிறுத்துவதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அருமை, பிரமாதம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு தடவைகூட இவள் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எல்லாரும் நம்ம சொந்தக்காரங்க மாதிரியே பேசறாங்க."

நாளைக்கு வர வேண்டுமா என்றும் கேட்டாள். இன்னொரு கரண்டி சோறு கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஜூலை 13, ஞாயிறு

வந்தாள். முகம் நேற்றைப் போலவே. மத்தியானம் வரை அதே புகழ்ச்சி, அதே முதுகு.

சாப்பாட்டு நேரம் முடிந்து ஒரு அம்மா வந்தார். கையில் காய்கறிப் பை, யூனிஃபார்ம் சட்டை. பையைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அந்த மரம் சிக்னலை மறைக்குதே. வளைவுல வர்ற டிரைவர் என்னத்தப் பாத்து நிறுத்துவாரு?"

பக்கத்தில் இருந்தவர்கள் அந்த அம்மாவை முறைத்தார்கள். இவள் கன்ட்ரோலர் குமிழைத் திருப்பினாள். ரயில் நின்றது. மேசையில் கன்னத்தை வைத்து, இன்ஜின் உயரத்துக்குக் கண்ணை இறக்கி, அந்த வளைவைப் பார்த்தாள்.

பிறகு முக்காலியோடு திரும்பினாள்.

"நீங்க ரயில் ஓட்டறீங்களா?"

"பஸ்ஸு. எங்க ரூட்ல இதே மாதிரி ஒரு மரம் நிக்குது. மூணு தடவை எழுதிப் போட்டுட்டேன், வெட்டல."

"இருங்க, நான் வெட்டிடறேன்" என்றாள் இவள். அத்தனை பேர் முன்னால் மரத்தைப் பிடுங்கி எடுத்தாள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் செய்து, வாரக்கணக்கில் பொடிப்பொடியாக இலை ஒட்டிய மரம். அதை அந்த அம்மாவின் காய்கறிப் பையில் கீரைக்கு நடுவே செருகிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதன் பிறகு கயிறு எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்தர் கேட்டார், இன்னொருத்தர் கேட்டார், இவள் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். பாதி ஜனங்களைப் பார்த்து, பாதி ரயிலைப் பார்த்து.

மலைக்காரர் தன் மேசையை விட்டுவிட்டு வந்து நின்றார். ஊதலை அணைத்துவிட்டு வந்திருந்தார். மனுஷன்.

ஜூலை 14, திங்கள்

கடையில் மனசு ஓடவில்லை. கீழ்முழங்கை கேட்டவருக்கு மேல்முழங்கையைக் கட்டிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடை அரை நாள். மத்தியானம் பூட்டிவிட்டு வந்தால் கீழே யாரும் இல்லை, அடுப்பு அணைந்திருக்கிறது. பசி. மேலே போனேன்.

அறை நிறைய ஆட்கள். மலைக்காரர், டாக்டர், பஸ் ஓட்டும் அம்மா, அவருடன் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிளாட்பாரம் உயரம் போதாது. அந்த விளக்கு இவ்வளவு வெளிச்சமாக எரியாது. இவள் கன்னத்தில் பசையோடு நடுவில் நின்று வாதாடிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேச இவளிடம் பேச்சு இருந்திருக்கிறது.

நான் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சோறு இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து, இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். பஸ் அம்மா திரும்பிப் பார்க்காமலே என் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். வண்டி வருது."

தள்ளி நின்றேன். வந்தது.